மாடி முழுக்க கெமிக்கல் அடிக்கச் சொல்கிறார்கள், அடிக்கலாமா?

கேள்வி: சேலம் சூரமங்கலத்தில் 20 வருட கான்கிரீட் வீடு. மொட்டைமாடி 1,000 சதுர அடி, தட்டோடு பதித்தது. போன சித்திரை மழையில் ஹால் மூலையில் சீலிங் ஊறிவிட்டது. மாடி முழுக்க வாட்டர்புரூஃப் கெமிக்கல் அடித்தால் 10 வருட வாரண்டி என்கிறார் ஒருவர். மழைக்கு முன் முடித்துவிடலாமா?

பதில்: இப்போது அடிக்காதீர்கள். தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பார்க்காமலே மாடி முழுவதற்கும் விலை சொல்கிறவர், உங்கள் சதுர அடியைத்தான் பார்த்திருக்கிறார்.

மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் இலை உதிர்க்கும். அந்தச் சருகெல்லாம் மழைநீர்க் குழாய் வாயில் போய்ச் சேரும். சித்திரையில் ஏற்காடு பக்கம் இடித்து அரை மணி நேரம் கொட்டினாலே மாடி குளமாகிவிடும். முதலில் சருகை அள்ளுங்கள். பிறகு ஒரு குடம் தண்ணீரைக் குழாய் வாயில் மொத்தமாகச் சாய்த்துப் பாருங்கள். தயங்கி இறங்கினால் கீழே அடைப்பு இருக்கிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, பல வீடுகளில் 4 அங்குலக் குழாயைக் குறுக்கி ஒரு சின்னக் குழியில் விட்டார்கள். குழாய் இருக்கிறதா என்று கேட்டார்களே தவிர, குழி தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்கவில்லை. மண் மூடிய குழி தண்ணீரை உங்கள் மாடியிலேயே நிறுத்திவைக்கும். குழியைத் தூர்வாருங்கள்.

அடுத்தது சோதனை. குழாய் வாயைத் துணி சுற்றிய பாலித்தீன் பையால் அடைத்து, ஓரங்களில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் வந்தால் வழி தரையிலோ, குழாய் வாயிலோ, கைப்பிடிச் சுவர் அடியிலோ இருக்கிறது. வராவிட்டால் சுவரின் மேல்பகுதியில் ஹோஸால் ஒரு மணி நேரம் பீய்ச்சுங்கள். காற்றோடு அடிக்கும் மழை அந்தச் சுவரில் இருக்கும் விரிசல் வழியாகத்தான் வரும். ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். ஓட்டுக்கடியில் தண்ணீர் பத்தடி கூடப் போகும். சீலிங்கில் கம்பி தெரிந்து காரை உதிர்ந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி, தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை. அடுத்தது குழாய் வாய், ஏனென்றால் பிவிசியில் சிமென்ட் ஒட்டாது. விரிசலை 10 மி.மீ. அகலம், ஆழத்துக்கு வெட்டி, தூசி போகத் துடைத்து, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடையுங்கள். மூலையில் 2 அங்குலத்துக்குச் சரிவாகப் பூசி, காய்ந்ததும் ஃபைபர் வலை ஒட்டி, பவுடரும் திரவமுமாக வரும் பூச்சை இரண்டு கோட் அடிக்க வேண்டும், இரண்டாவது குறுக்கே. காலை 9 மணிக்குள் முடியுங்கள். சூடேறிய தரையில் அடித்தால் வெடித்து உரியும்.

மாடி 25-க்கு 40 என்றால் சுற்றளவு 130 அடி. தரையில் ஓரடி, சுவரில் ஓரடி என்று சுற்றி வந்தாலும் மொத்தம் 260 சதுர அடிதான். 1,000 எங்கே, 260 எங்கே!

இதிலும் ஏமாற்றுவார்கள். எத்தனை சதுர அடிக்கு வரும் என்று வாளியிலேயே அச்சிட்டிருக்கும். கணக்குப் போட்டு, சீல் உடையாத வாளிகளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். தண்ணீர் ஊற்றி நீட்டினால் முதல் வெயிலிலேயே செதிலாகப் பெயரும். வெள்ளை கூல் பெயிண்ட் சூட்டைக் குறைக்கும், அவ்வளவுதான். அதை வாட்டர்புரூஃப் என்று விற்றால் வாங்காதீர்கள். வாரண்டி என்றால் பொருளுக்கா, வேலைக்கா, யார் கையெழுத்து என்று கேளுங்கள். பேச்சு நின்றுவிடும்.

உங்கள் வீடு கான்கிரீட். ஆனாலும் செவ்வாய்ப்பேட்டை, கோட்டைப் பக்கத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட கூரை அது. அதில் தண்ணீர் கட்டிச் சோதிக்கவே கூடாது, கெமிக்கலும் சிமென்ட்டும் பூசவும் கூடாது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உத்தரம் வெளியே தெரியாமல் இற்றுப்போகும். விரிசலைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் தெளித்துத் தட்டுகிற கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்கும் வரை உடைந்த தட்டோடுகளை மாற்றி, தார்ப்பாயால் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தார்ப்பாயையும் வெயில் நாளில் எடுத்துக் காய விடுங்கள்.

ஹாலில் பட்டி பார்த்து பெயிண்ட் அடிப்பதை ஒரு பெருமழை போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.