ஊட்டச்சத்துக் கூட்டம் போட்டால் குழந்தைக்கு எடை ஏறுமா?

அக்கா மகனுக்கு ஒன்றேகால் வயது, ஏற்காட்டில் இருக்கிறான், சில மாதமாக எடை ஏறவே இல்லை. அங்கன்வாடியில் மாதாமாதம் கூட்டம் போட்டு ஊட்டச்சத்து பற்றிப் பேசுகிறார்கள், பலன் உண்டா, கணக்குக் காட்டத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலன் உண்டு. ஆனால் பேச்சு டம்ளருக்கும் கரண்டிக்கும் இறங்கி வர வேண்டும். "சத்தானதாகக் கொடுங்க" என்பது எல்லாத் தாய்க்கும் தெரிந்ததுதான். எவ்வளவு மாவு, எவ்வளவு கெட்டி, நாளைக்கு எத்தனை வேளை, யார் ஊட்டுவது என்ற நாலையும் சொல்லாத கூட்டத்தால் ஒன்றும் நடக்காது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் அடிப்படையே இதுதான்: மாதம் ஒருமுறை எடை பார், ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடு, அந்த நாட்களில் தாய்க்குச் சொல்லிக்கொடு.

முதலில் அங்கன்வாடிச் சத்துமாவு. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் என்பது கணக்கு. அதாவது அரைக் கிலோ மாவு ஒரு குழந்தைக்கு நாலே நாள். வீட்டில் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினால் அது ஒரே நாளில் தீர்ந்துவிடும், குழந்தைக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். அடுத்த தவறு, தண்ணீர். குவியலாக மூன்று மேசைக்கரண்டி, சுமார் 30 கிராம் மாவுக்கு 150 மில்லி தண்ணீர் போதும். பாதியை ஆறிய தண்ணீராக எடுத்து மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, மீதி கொதிக்கும்போது ஊற்றி, கைவிடாமல் ஐந்து நிமிடம் கிளற வேண்டும். வெல்லம் சேர்ந்த மாவு, விட்டால் அடிப்பிடிக்கும். இறக்கியதும் ஒரு சின்ன ஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ. 5 மில்லி எண்ணெயில் சுமார் 40 கலோரி இருக்கிறது, அளவு கூடாமல் சத்து கூடும். கரண்டியைச் சாய்த்தால் பொத்தென்று விழ வேண்டும். ஒழுகினால் அது வெறும் தண்ணீர். சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும். பாட்டிலில் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் பல வீடுகளில் நீர்க்கக் காய்ச்சுகிறார்கள். இந்த வயதுக்குப் பாட்டில் வேண்டாம். மாவு வறுத்ததுதான், கொதித்த தண்ணீர் தெளித்து உருண்டை பிடித்தும் கொடுக்கலாம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்காலிலிருந்து ஒரு கிண்ணம், நாளைக்கு மூன்று நான்கு வேளை, நடுவில் இரண்டு தடவை ஏதாவது தீனி, தாய்ப்பாலும் தொடர வேண்டும்.

அடுத்து ஜவ்வரிசிக் கஞ்சி. சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பொருள், ஆத்தூர்ப் பக்கம் எத்தனையோ குடும்பத்துக்கு ஜவ்வரிசி எடுக்கும் மரவள்ளிக் கிழங்குதான் சோறு போடுகிறது. நான் பண்டத்தைக் குறை சொல்லவில்லை, எடை ஏறாத குழந்தைக்கு அதையே முக்கிய உணவாகக் கொடுப்பதைத்தான் சொல்கிறேன். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து. 20 கிராம் போட்டுக் காய்ச்சினால் 70 கலோரி வரும், புரதம் இல்லை என்றே சொல்லலாம். அதே 20 கிராம் கேழ்வரகில் ஒன்றரை கிராம் அளவுக்குப் புரதமும் 70 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் இருக்கிறது. 10 கிராம் பாசிப்பருப்பை வேகவைத்து மசித்துச் சேர்த்தால் புரதம் இன்னும் இரண்டு கிராமுக்கு மேல் கூடும். ஜவ்வரிசிதான் வயிற்றுக்கு ஒத்துப்போகிறது என்றால் பருப்பும் எண்ணெயும் சேர்த்துக் கொடுங்கள்.

கேழ்வரகை முளைகட்டினால் இன்னும் நல்லது. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்து இளக்கிவிடும், அதனால் அதே கெட்டியில் அதிக மாவு பிடிக்கும். இரவு முழுக்க ஊறவைத்துத் துணியில் கட்டினால் சேலத்து வெயில் காலத்தில் ஒரே நாளில் முளை வந்துவிடும். ஏற்காட்டுக் குளிரில் இரண்டு நாள் ஆகலாம். மலையில் கெட்டுப்போவது காயவைக்கும்போதுதான்: பனிமூட்ட நாளில் வெளியே பரப்பினால் காயாமல் பூஞ்சை பிடிக்கும், பூசண வாடை அடிக்கும். அந்த மாவைக் கழுவியோ வறுத்தோ காப்பாற்ற முடியாது, கொட்டிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்புக்குப் பக்கத்தில் முறத்தில் பரப்புங்கள், கையில் எடுத்தால் கலகலவென்று உதிர வேண்டும். பிறகு லேசாக வறுத்து அரைக்கலாம்.

எடை பார்ப்பதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். இந்த வயதில் குழந்தை மாதம் 200 கிராம் போல ஏறினாலே சரி. மலையில் பிள்ளைகளை ஸ்வெட்டர், குல்லாவோடு தூக்கி வைக்கிறார்கள். ஸ்வெட்டரே 200 கிராம் இருக்கும். மார்கழியில் ஸ்வெட்டரோடு, சித்திரையில் சட்டையோடு எடுத்தால் வளர்ச்சி அட்டையில் வரும் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், கனத்த உடுப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இடக்கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடா வைத்து அளப்பதையும் கேட்டு வாங்குங்கள்: 12.5 செ.மீ.க்குக் கீழே மஞ்சள், அதாவது மெலிவு; 11.5-க்குக் கீழே சிவப்பு, அதாவது கடும் மெலிவு. சிவப்பு என்றால் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம்.

கூட்டத்துக்கு யார் போகிறார்கள் என்பதும் முக்கியம். நவம்பர் முதல் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் தாய் காலையிலேயே எஸ்டேட்டுக்குப் போய்விடுவார், பகலில் ஊட்டுவது பாட்டி. பகல் பதினோரு மணிக் கூட்டத்துக்குத் தாயைக் கூப்பிட்டு என்ன பயன்? பாட்டியை அனுப்பி வையுங்கள். அவரைத் திருத்தப் பார்க்காமல் மாவை அவர் கையாலேயே கிளறச் சொன்னால் போதும்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊட்டச்சத்துச் சுவரொட்டியில் ஆப்பிளும் மாதுளையும் ஏன்? ஏற்காட்டுத் தோட்டங்களில் பட்டர் ஃப்ரூட் காய்க்கிறது, 100 கிராமில் 160 கலோரி, மசித்தால் பல் முளைக்காத குழந்தைகூடச் சாப்பிடும். அது சுற்றுலாக்காரர்களுக்கு விற்கப்படுகிறது, பறித்தவர் வீட்டுக் குழந்தைக்கு ஐந்து ரூபாய் பாக்கெட் தீனி. ஊரில் விளைவதைப் படம் போட்டுக் காட்ட இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

இதையெல்லாம் இரண்டு மாதம் செய்தும் எடை ஏறவில்லை என்றால் உணவு மட்டும் காரணமில்லை. குடற்புழு மாத்திரை கொடுத்தார்களா, இந்த வயதுக்கு 200 மில்லிகிராம், அதாவது பாதி மாத்திரை நசுக்கிக் கொடுப்பார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இரும்புச்சத்து டானிக்கை மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிட்டார்களா, அது இயல்புதான், தொடரலாம். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை கேளுங்கள். இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, பிள்ளை சாப்பாட்டையே மறுத்தாலோ சத்துமாவோடு நேரம் போக்காமல் அன்றைக்கே சேலத்துக்கு இறக்கி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.