சி மொழியில் ஸ்டிரிங்கும் மெமரியும்: நீங்கள் கேட்டவை

சி என்னும் நிரல் மொழியைப் படிக்கத் தொடங்கியவர்கள் கேட்ட கேள்விகள் இவை. வெவ்வேறு கேள்விகளாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: இந்த எழுத்துகள் இருக்கும் இடம் யாருடையது, அது எத்தனை பைட்? பதில்களில் அதையே நானும் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன்.

கேள்வி: ஏழு இடம் உள்ள கேர் அர்ரேயில் (எழுத்துகளை வரிசையாக வைக்கும் இடத்தில்) ஆங்கில எழுத்தில் மதுரை என்று வைத்தேன். ஏழு எழுத்துதானே? பிரின்ட் செய்தால் பின்னால் ஏதேதோ குறிகள் வருகின்றன.

பதில்: சி மொழியில் ஸ்டிரிங் (எழுத்துத் தொடர்) என்று தனி வகை கிடையாது. பைட்டுகள் வரிசையாக இருக்கும், முடிவில் பூஜ்ஜிய மதிப்புள்ள ஒரு பைட் இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பூஜ்ஜியத்தைக் காணும் வரை பிரின்ட்எஃப் நிற்காது. ஆகவே ஏழு எழுத்துக்கு எட்டு பைட் வேண்டும். நீங்கள் ஏழு என்று எண் கொடுத்ததால் கடைசிப் பூஜ்ஜியம் விட்டுப்போய்விட்டது. சி மொழியின் விதிப்படி இது பிழையே அல்ல (சி++ இதை ஏற்காது). அடைப்புக்குள் எண் எழுதாமல் காலியாக விடுங்கள், கம்பைலரே (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) எட்டு என்று எண்ணிக்கொள்ளும். உங்கள் நண்பரின் கணினியில் இதே நிரல் ஒழுங்காக ஓடலாம். அங்கே அடுத்த பைட் தற்செயலாகப் பூஜ்ஜியமாக இருந்திருக்கும்.

கேள்வி: அதே மதுரையைத் தமிழில் கொடுத்தால் நீளம் சொல்லும் ஸ்டிர்லென் 15 என்கிறது. மூன்று எழுத்துதானே சார்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஸ்டிர்லென் எழுத்துகளை எண்ணுவதில்லை, பூஜ்ஜியம் வரும் வரை பைட்டுகளை எண்ணுகிறது. நாம் மூன்று எழுத்தாகப் படிப்பதை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 15. இடம் கேட்கும்போது 16 கேளுங்கள்.

சிக்கல் வெட்டும்போதுதான் வரும். 12 பைட்டில் நிறுத்தினால் ‘மதுர’ என்று நிற்கும். 10 பைட்டில் நிறுத்தினால் ‘மது’வுக்குப் பின் உடைந்த குறி ஒன்று தெரியும். தமிழ்ப் பெயர்களைக் கையாளும் நிரல் எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் பெயர்கள் அரைகுறையாக அச்சாவதற்கு இது ஒரு காரணம்.

கேள்வி: இரண்டு ஸ்டிரிங்கிலும் ஒரே சொல்தான். இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் சமமில்லை என்கிறது.

பதில்: நீங்கள் ஒப்பிட்டது முகவரிகளை, அதாவது அவை மெமரியில் இருக்கும் இடங்களை. எழுத்துகளையே ஒப்பிடும் ஸ்டிர்காம்ப் பயன்படுத்துங்கள். சமமாக இருந்தால் அது பூஜ்ஜியம் தரும், அதை மறந்து இஃப் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஃபங்ஷனுக்குள் ஒரு அர்ரேயில் பெயரைச் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். சில நேரம் சரியாக வருகிறது, சில நேரம் குப்பை வருகிறது.

பதில்: அந்த அர்ரே ஸ்டாக்கில், அந்த ஃபங்ஷனுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இருக்கிறது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் அடுத்த ஃபங்ஷனுக்குப் போய்விடும். காலி செய்த வாடகை வீட்டின் முகவரியைக் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள். உடனே போனால் பழைய சாமான் கிடக்கலாம், கொஞ்சம் தாமதித்தால் வேறு குடும்பம் இருக்கும்.

இரண்டு வழி உண்டு. அழைப்பவரே ஒரு இடத்தையும் அதன் அளவையும் கொடுக்க, ஃபங்ஷன் அதை நிரப்பிக் கொடுப்பது ஒன்று. மால்லாக் மூலம் ஹீப்பில் (ஃபங்ஷன் முடிந்தாலும் நாமாக விடும் வரை இருக்கும் மெமரிப் பகுதியில்) இடம் வாங்கி அனுப்புவது மற்றொன்று. கற்கும் காலத்தில் முதல் வழியே நல்லது என்பேன். இரண்டாவதில் ஃப்ரீ செய்யும், அதாவது வாங்கிய இடத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு அழைப்பவருக்குப் போகிறது. அதை ஃபங்ஷனுக்கு மேலே ஒரு வரி கமென்டாக எழுதி வையுங்கள்.

கேள்வி: நிரல் முடிந்தால் மெமரியை ஆபரேட்டிங் சிஸ்டமே எடுத்துக்கொள்ளுமே அண்ணா, பிறகு ஃப்ரீ எதற்கு?

பதில்: எடுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் எல்லா நிரலும் முடிவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய ஒரு சேவை இரவு பகலாக ஓட வேண்டியது. நான்காம் நாள் மெமரி தீர்ந்து விழுந்தது. தேடியதில், கோப்பு திறக்காவிட்டால் ரிட்டர்ன் என்று எழுதிய ஒரே ஒரு வரி. அதற்கு முன்னால் மால்லாக் இருந்தது, அந்தப் பாதையில் ஃப்ரீ இல்லை. அதனால் சொல்கிறேன்: நடுவில் வெளியேறும் ஒவ்வொரு ரிட்டர்னையும் விரல் வைத்துப் பாருங்கள்.

ஒரே இடத்தை இரண்டு முறை ஃப்ரீ செய்வதும், ஃப்ரீ செய்த பிறகு தொடுவதும் இதைவிட மோசம். ஃப்ரீ செய்த உடனே பாயின்டருக்கு (முகவரியை வைத்திருக்கும் மாறிக்கு) நல், அதாவது எந்த இடத்தையும் காட்டாத மதிப்பு, கொடுத்துவிடுங்கள். நல்லை ஃப்ரீ செய்தால் எதுவும் ஆகாது. ஆனால் அதே முகவரியை வேறு பாயின்டரிலும் வைத்திருந்தால் அது பழையபடிதான் இருக்கும்.

கேள்வி: வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅல்லாக் தருவதை அதே பாயின்டரில் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இடம் கிடைக்காவிட்டால் அது நல் தரும், பழைய இடமோ அப்படியே இருக்கும். உங்களிடம் இருந்த ஒரே முகவரியின் மேல் நல் எழுதிவிட்டால் அதை ஃப்ரீ செய்யவும் வழி இல்லை. தனி பாயின்டரில் வாங்கி, பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: பாடக் குறிப்பில், பயனர் தட்டும் வரியை வாசிக்கும் கெட்ஸ் இருக்கிறது. கம்பைலர் திட்டுகிறது.

பதில்: கம்பைலர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் அர்ரே எவ்வளவு பெரியது என்று கெட்ஸுக்குத் தெரிவிக்க வழியே இல்லை. பயனர் எவ்வளவு தட்டினாலும் எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் வார்ம் (கணினிக்குக் கணினி தானாகப் பரவும் நிரல்) நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான்: பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவை கெட்ஸ் மூலம் 512 பைட் இடத்தில் வாசித்தது, வார்ம் அதைவிட நீளமாக அனுப்பியது. 2011இல் வந்த சி தரநிலையிலிருந்து கெட்ஸையே நீக்கிவிட்டார்கள். அளவு கொடுக்காமல் ஸ்கேன்எஃப் மூலம் ஸ்டிரிங் வாங்குவதும் இதே ஆபத்துதான்.

எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள். அது அளவைக் கேட்கும், ஒரு பைட்டைப் பூஜ்ஜியத்துக்கு விட்டுவைக்கும். ஆனால் என்டர் தட்டிய குறியையும் சேர்த்து வைக்கும், அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். “பெயர் சரியாக இருக்கிறது, ஸ்டிர்காம்ப் மட்டும் பொருந்தவில்லை” என்று கேட்ட மூன்று பேருக்கும் இதுதான் பதில்.

கேள்வி: செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் நிரல் விழுவது) வந்தால் எங்கே தேடுவது?

பதில்: விழுந்த வரியில் தவறு இல்லாமலும் இருக்கலாம், பத்து வரிக்கு முன்னால் அளவு மீறி எழுதியிருப்பீர்கள். கண்ணால் தேடி இரவைக் கழிக்காதீர்கள். ஜிசிசி, கிளாங் கம்பைலர்களில் அட்ரஸ் சானிடைசர் இருக்கிறது, லினக்ஸில் வால்கிரின்ட் இருக்கிறது, மெமரித் தவறுகளைக் கண்டுபிடிக்கும் இந்த இரண்டும் இலவசம். டீபக் தகவலோடு (வரி எண்கள் போன்றவற்றைச் சேர்த்து) கம்பைல் செய்து ஓட்டினால் எந்த வரியில் மீறினீர்கள், அந்த இடத்தை எந்த வரியில் வாங்கினீர்கள் என்று காட்டும். அறிக்கை பக்கம் பக்கமாக வந்தால் பயப்பட வேண்டாம். முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள், மற்றவற்றில் பாதி அதனோடு போய்விடும்.