பறவை எச்சத்துக்காகக் கவுல் வாங்கிய ஊர்

அரசரோ போரோ தொடாத ஒரு சிறிய விவசாயக் கிராமத்துக்கு வரலாறு என்று எழுத என்ன இருக்கும் எனச் சிலர் கேட்பதுண்டு. எனக்குத் தெரிந்த ஓர் ஊரைக் கொண்டு பதில் சொல்கிறேன். செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள வேடந்தாங்கலில், ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில், என் தாய்மாமா பல ஆண்டுகள் குத்தகைக்குக் கழனி வைத்திருந்தார். சென்னையிலிருந்து விடுமுறை நாள்களில் வருகிறவர்களுக்கு அது பறவைகள் சரணாலயம். அங்கே நாற்று நட்டவர்களுக்கு அது முதலில் ஓர் ஏரி, அந்த ஏரியை நம்பிய கழனி.

பெயரிலேயே ஏரி இருக்கிறது. வேடர்கள் தங்கிய ஊர் என்று பலரும் விளக்கம் சொல்வார்கள். ஆனால் தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல் என்று சென்னைக்கு அருகிலேயே எத்தனையோ தாங்கல்கள் இன்னும் பெயரளவில் நிற்கின்றன. ஆகவே வேடர்களின் தாங்கல் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி, அதற்குள் தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்கள், கருவேல மரங்கள், கரைக்குக் கீழே நஞ்சை. இதுதான் மொத்த ஊரின் அமைப்பு.

18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் செங்கல்பட்டுப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு அது பெற்ற நிலப்பகுதியாக, இருந்தது. அதன் கலெக்டர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் இராமரும் இலக்குவனும் காத்து நின்ற காட்சியைக் கண்டதாக ஏரி காத்த இராமர் கோயிலின் தலவரலாறு சொல்லும் அதே துரைதான் அவர். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து பொழுதுபோக்காகப் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, இங்கே எவரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுத்தில் ஒரு கவுல் வாங்கினார்கள். கவுல் என்பது நிலவரி நிர்வாகத்தில் புழங்கிய சொல். அரசு குடிகளுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. பின்னர் அந்தப் பத்திரம் தொலைந்துபோனபோது, 1858இல் மறுபடியும் கலெக்டரிடம் சென்று புதிதாக ஒன்றைப் பெற்றுக்கொண்டார்கள். முதல் கவுலை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் மறைந்திருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் அந்தக் காகிதம் தங்களிடம் இருக்க வேண்டும் என்று கருதினார்கள் என்பதே, எனக்கு இந்த ஊரின் வரலாற்றில் மிகவும் பெரிய செய்தி.

அவர்கள் முறையிட்டதற்குக் காரணம் உழவு. மழைக்காலம் தொடங்கியதும் வந்து கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் போன்ற பறவைகள், பகலெல்லாம் சுற்றுவட்டார ஏரிகளிலும் கழனிகளிலும் இரை தேடிவிட்டு இந்த மரங்களுக்குத் திரும்புகின்றன. அவற்றின் எச்சம் முழுவதும் ஏரித் தண்ணீரில் விழுகிறது. பல ஊர்களின் மீனும் நத்தையும் தவளையும் இவ்வாறு பயிருக்கு வேண்டிய தழைச்சத்தாகவும் (நைட்ரஜன்) மணிச்சத்தாகவும் (பாஸ்பரஸ்) மாறி ஓர் ஏரியில் சேர்கின்றன. மதகைத் திறந்ததும் வரும் தண்ணீர் பச்சை கலந்து, சற்று வாடையுடன் இருக்கும். வாய்க்காலில் கால் வைத்தால் அடியில் படிந்த வண்டல் வழுக்கும். ஒருமுறை உரம் போடும்போது மாமா கூடையைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "இந்தத் தண்ணி பாயுற கழனிக்குக் கொறச்சுத்தான் போடணும்டா, இல்லன்னா பயிரு சாஞ்சிடும்" என்றார். வரப்பின் மேல் உள்ளே ஒன்றுமில்லாத நத்தை ஓடுகள் வரிசையாகக் கிடந்தன. நாற்றைத் தின்னும் நத்தையை நாரை தின்றுவிடுகிறது. அதற்குக் கூலியும் இல்லை, மருந்துச் செலவும் இல்லை.

பிற்கால அரசு ஆணைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1936இல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது; 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை பாதுகாப்பு எல்லை விரிந்தது; 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. இவை எல்லாமே தேவையானவை. ஆனால் இந்த இடத்தின் கதையை 1936இலிருந்து தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டம் வருவதற்கு ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் காவலை ஊரார் தொடங்கிவிட்டார்கள். கூட்டில் இருக்கும் குஞ்சுகள் மிரண்டுவிடும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் வழக்கத்தையும் எந்த அதிகாரியும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இந்த ஏற்பாட்டில் உழவருக்கும் ஒரு நெருக்கடி உண்டு. மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் பூனையோ நரியோ கூட்டை நெருங்காது. ஆகவே குஞ்சுகள் பறந்து போகும் வரை ஏரி வற்றக் கூடாது. சம்பா அறுத்த பிறகு வைக்கும் அடுத்த நெல் போகமான நவரைக்கும் அதே தண்ணீர்தான் வேண்டும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து, ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்த ஆண்டுகளில் இரண்டுக்கும் போதும். மழை குறைந்த ஆண்டுகளில் பறவைகளும் குறைவாகவே வரும், நவரையும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். அத்தகைய ஓர் ஆண்டின் தை மாதத்தில் மாமா மதகுக்கு அருகே நெடுநேரம் நின்று, தண்ணீரின் மட்டத்தையும் கூடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த முறை அவர் நவரை வைக்கவில்லை, உளுந்து தெளித்தார்.