முதலில் பாஸ்புத்தகம், பிறகு வீடு: மலையகத்து வீட்டுக் கடன் கேள்வி பதில்

வங்கியில் 26 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் கடன் மேசையில்தான் கழிந்தது. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று இலங்கை மலையகத்தைச் சுற்றியே இடமாற்றம் கிடைத்தது. வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் வீட்டைப் பார்த்து, பிடித்துப்போய், அச்சாரமும் கொடுத்துவிட்டுத்தான் "சார், லோன் எவ்வளவு தருவீங்க?" என்று கேட்பார்கள். இந்த முறை கேள்வி அனுப்பியிருப்பவர்களில் பாதிப்பேர் இன்னும் அச்சாரம் கொடுக்கவில்லை. அதுவே பெரிய சந்தோஷம்.

கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரியை: நானும் கணவரும் டீச்சர்ஸ். ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து 1,60,000 வரும். இடர் கடன் (அரசாங்க ஊழியர் அவசரக் கடன்), பைக் லீசிங் ரெண்டுக்கும் மாசம் 14,000 போகுது. கையில 22 லட்சம் சேமிப்பு. ஹட்டன் டவுனுக்குப் பக்கத்துல 75 லட்சத்துக்கு ஒரு வீடு சொல்றாங்க. முடியுமா ஐயா?

டீச்சர், அந்த வீட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

சம்பளத்தில் எத்தனை சதவீதம் வரை தவணைக்குப் போகலாம் என்பது வங்கிக்கு வங்கி மாறும். 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 64,000. ஏற்கெனவே போகும் 14,000ஐக் கழித்தால் மிச்சம் 50,000. வட்டி 12 சதவீதம், காலம் 15 வருடம் என்றால் இந்த 50,000 ரூபாய்த் தவணை சுமார் 41 லட்சத்து 66 ஆயிரம் கடனைத் தாங்கும். 20 வருடமாக நீட்டினாலும் 45 லட்சத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான். அதோடு 60 வயதில் ஓய்வு. அதற்குள் கடன் முடிய வேண்டும் என்று வங்கி சொல்லும். உங்களில் ஒருவருக்கு 40 தாண்டியிருந்தால் 20 வருடம் என்ற பேச்சே எடுபடாது.

வீட்டு விலையோடு செலவு முடிவதும் இல்லை. உறுதி (காணிப் பத்திரம்) மாற்றும்போது முத்திரை வரி முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 75 லட்சத்துக்கு அது மட்டுமே 2,99,000 ரூபாய், அதுவும் வாங்குபவர் தலையில். சட்டத்தரணி கட்டணம், வங்கியின் மதிப்பீட்டாளர், ஈட்டு உறுதி எழுதும் செலவு, காப்புறுதி எல்லாம் சேர்த்து 5 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஆக 80 லட்சம் தேவை. உங்களிடம் 22ம் கடன் 41 லட்சத்துச் சொச்சமும்தான்.

ஆகவே செலவுக்கான 5 லட்சத்தைக் கழித்துவிட்டு, 59 லட்சத்துக்கு மேல் எந்த வீட்டு வாசலிலும் ஏறாதீர்கள். அல்லது பைக் லீசிங்கை முதலில் முடியுங்கள். அதற்கு மாதம் 8,000 போகிறது என்றால், அது விடுபட்டதும் 12 சதவீத வட்டியில் கூடுதலாக ஆறரை லட்சம் கடன் எடுக்கும் தகுதி வந்துவிடும். ஒரு பைக்குக்குள் அவ்வளவு பணம் அடைபட்டிருப்பது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

லிந்துலைத் தம்பி: 2022ல வேலை போய் த்ரீவீல் லீசிங் மூணு மாசம் கட்டாம விட்டேன். பிறகு எல்லாம் கட்டி முடிச்சாச்சு. க்ரிப்புல பேர் இருக்குன்னா லோனே கிடைக்காதுன்னு சொல்றாங்க, உண்மையா?

க்ரிப் என்கிற கடன் தகவல் பணியகத்தில் கடன் வாங்கின எல்லோர் பெயரும்தான் இருக்கிறது தம்பி, ஒழுங்காகக் கட்டினவன் பெயரும் இருக்கிறது. அது கறுப்புப் பட்டியல் இல்லை. கடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த அமைப்பு. யார் எங்கே எவ்வளவு வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று எழுதி வைத்திருக்கும். கொடுப்பதா இல்லையா என்பதை வங்கிதான் முடிவு செய்யும். 2022இல் நாடே தடுக்கி விழுந்தது, அதைக் கடன் அதிகாரியும் அறிவார். பிறகு எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்.

உங்கள் அறிக்கையை நீங்களே எடுக்கலாம், வங்கிக் கிளையிலேயே விண்ணப்பிக்கலாம். வீடு தேட ஆறு மாதம் முன்னாடியே எடுங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டினால், லீசிங் கம்பெனியிடம் தீர்த்ததற்கான கடிதம் வாங்கித் திருத்த நேரம் வேண்டும்.

அந்த அறிக்கையில் பிணைக் கையெழுத்தும் இருக்கும். ஒருமுறை ஒரு பையன் வந்தான். நல்ல வேலை, கடன் ஒன்றும் இல்லை. அறிக்கையை எடுத்தால் தாய்மாமனின் லொறி லீசிங், எட்டுத் தவணை பாக்கி. பிணை போட்டதையே அவன் மறந்துவிட்டிருந்தான். "மாமா கட்டிடுவாருன்னு நெனச்சேன் சார்" என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்த வீடு அந்த வருடம் வேறு யாருக்கோ போயிற்று. யாருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள் என்று இன்று இரவே உட்கார்ந்து யோசியுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கை: கொழும்புல கார்மென்ட்ஸ்ல 13 வருஷம் வேலை. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசை வீட்டுக்கு எடுக்கலாமா? அம்மாவும் தோட்டத்துல 30 வருஷம் பேர் போட்டு வேலை செஞ்சவங்க.

எடுக்கலாம்மா. 2012 சட்டத் திருத்தப்படி 10 வருடம் வேலை செய்து, கணக்கில் குறைந்தது 3 லட்சம் இருந்தால், அதில் 30 சதவீதம் வரை வீட்டுத் தேவைக்கு எடுக்க முடியும். உச்ச வரம்பு 20 லட்சம். இன்னொரு வழி, காசை எடுக்காமல் மீதியைப் பிணையாகக் காட்டிக் கடன் வாங்குவது. அதில் கவனம். கட்டத் தவறினால் கிழவயதுக் காசிலிருந்து கழித்துக்கொள்வார்கள். அம்மாவின் காசை அதற்குள் இழுக்க வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

உங்களுக்கு முன்னால் நிற்கப்போவது காசு இல்லை, பெயர். நம்ம ஆட்களுக்கு இது பரம்பரைத் தலைவலி. செக்ரோலில் (தோட்ட வேலைப் பதிவேட்டில்) கிளார்க் எழுதினது லெச்சுமி, பிறப்புச் சான்றிதழில் லட்சுமி, அடையாள அட்டையில் அப்பா பெயரோடு சேர்த்து லெட்சுமி. சிங்களத்தில் ஒரு எழுத்து, ஆங்கிலத்தில் வேறு எழுத்து. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பெண்கள். நான்கு தொழிற்சாலை மாறியிருந்தால் நான்கு அங்கத்துவ எண்கள் வேறு. எல்லாத் தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கிராம சேவகர் கடிதம், சத்தியக் கடதாசி, தொழில் அலுவலகம் என்று நடை இருக்கிறது. லீவு எடுத்து நடக்க வேண்டிய நடை. அதனால் இதை முதலில் முடியுங்கள்.

பூண்டுலோயா அண்ணன் ஒருவர்: தோட்டத்துல லயக் காம்பரா (தோட்டத்து வரிசை வீடு) ஒண்ணு 6 லட்சத்துக்கு விக்கிறாங்க. முத்திரை ஒட்டி எழுதித் தர்றேங்கிறார். அதை வச்சு பேங்க்ல லோன் எடுத்துத் திருத்திக் கட்டலாமா?

வேண்டாம் அண்ணே. தோட்ட நிலம் அரசாங்கத்துடையது. 1992இல் கம்பெனிகள் கைக்குப் போனதும் குத்தகையாகத்தான். விற்கிறவருக்கே உரித்து இல்லாதபோது உங்களுக்கு எதை எழுதித் தருவார்? 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. காணி கைமாற வேண்டுமென்றால் நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால், இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும். முத்திரை ஒட்டின கடதாசியை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது.

தோட்ட மக்களுக்கான 7 பேர்ச் (பேர்ச் என்பது காணி அளவு) வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தவர்களும் இதே கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பெயரில் உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து, கையில் இருக்கிறதா? இருந்தால் அதில் விற்க, ஈடு வைக்கத் தடை ஏதும் எழுதியிருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் வாசிக்கக் கொடுங்கள். சாவியும் பெயர்ப் பலகையும் மட்டும் கிடைத்திருந்தால் அது வசிக்கும் வீடு, இன்னும் ஈடு வைக்கும் வீடு ஆகவில்லை.

வெலிமடையிலிருந்து: 20 பேர்ச் காணி, சந்தை விலையில பாதிக்குத் தர்றாங்க. ஸ்வர்ணபூமி உறுதியாம்.

பாதி விலைக்குக் காரணம் அந்தப் பெயர்தான். அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் அரசாங்கம் கொடுத்த அளிப்பு. பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விற்றால் விற்பனை செல்லாது. சம்மதக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

நாவலப்பிட்டி: மாறாத வட்டி நல்லதா, மாறும் வட்டி நல்லதா?

2022ஐ அனுபவித்தவர்களிடம் கேளுங்கள். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை (வங்கிகளுக்கு அது வைக்கும் அடிப்படை வட்டியை) ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டியில் இருந்தவர்களுக்கு அடுத்த திருத்தக் கடிதம் வந்தபோது சிலர் அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே ஓடி வந்தார்கள், அச்சுப் பிழை என்று நினைத்து. 50 லட்சம் கடன், 15 வருடம்: 12 சதவீதத்தில் தவணை 60,000, 15 சதவீதத்தில் 70,000, 18 சதவீதத்தில் 80,500. இரண்டு பிள்ளைகளின் டியூஷனும் வேன் கூலியும் அந்த வித்தியாசத்துக்குள் அடங்கும்.

பிறகு வட்டி இறங்கியது. 2025 மே மாதம் கொள்கை வட்டி 7.75க்கு வந்தது. இறங்கும்போது மாறும் வட்டிக்காரர் சிரித்தார். என் கருத்து: சம்பளத்தில் இடைவெளி இல்லாதவர்கள் முதல் சில வருடமாவது மாறாத வட்டியில் இருங்கள். எதில் போனாலும் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்துவீர்கள், எந்த அளவுகோலுக்கு மேல் எத்தனை சதவீதம், இடையில் முழுதாகக் கட்டினால் தண்டம் எவ்வளவு. வாயால் சொன்ன பதிலை மனேஜர் மாற்றலாகிப் போகும்போது கூடவே கொண்டுபோய்விடுவார்.

கத்தாரிலிருந்து, சொந்த ஊர் டிக்கோயா: உண்டியல்லதான் (பேங்க் வழியா இல்லாம ஆள் மூலமா) காசு அனுப்புறேன். ரேட் கூட. லோனுக்குப் பிரச்சினையா?

பிரச்சினைதான். வங்கிக்கு உங்கள் சம்பளம் தெரிய ஒரே கண்ணாடி, மாதா மாதம் கணக்கில் விழும் தொகை. உண்டியலில் வந்த காசு அதற்குத் தெரியாது. இன்றிலிருந்து உங்கள் பெயரிலோ இருவர் பெயரிலுமோ ஒரு கணக்குக்கு, ஒரே தேதியில் அனுப்புங்கள். குறைந்தது ஒரு வருடம்.

ராகலை: சீட்டுப் போட்டு முற்பணம் சேர்க்கலாமா?

போடலாம், பிடிப்பவர் யார் என்பதைப் பொறுத்து. நான் போட மாட்டேன். எடுத்தால் அன்றைக்கே கணக்கில் போடுங்கள்.

பதுளைப் பக்கமிருந்து: 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு பயமா இருக்கு. நல்ல விலைக்கு ஒரு வீடு வருது, பின்னால மண்மேடு. பேங்க் கொடுக்குமா?

பேங்க் கொடுக்குமா என்பதற்கு முன்னால், நீங்கள் அதில் தூங்குவீர்களா? 2014இல் மீரியபெத்தையில் மலை இறங்கியதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் சரிவுகளை வெட்டிக்கொண்டேதான் இருக்கிறோம்.

மண்சரிவு மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று வேண்டும். கட்டிய வீடு என்றால் அந்தச் சான்றின் பிரதியைக் கேளுங்கள். "அதெல்லாம் அப்போ கேக்கல" என்று இழுத்தால், புதிதாக ஆய்வு செய்து வந்த பிறகுதான் அச்சாரம். வங்கியின் மதிப்பீட்டாளர் மதிப்பைக் குறைத்து எழுதினால் கடனும் அதே அளவு குறையும், மிச்சம் உங்கள் கையிலிருந்து போகும்.

மதிப்பீட்டாளர் ஒருவரோடு பலமுறை போயிருக்கிறேன். அவர் முன் ஹாலைப் பார்க்கவே மாட்டார். நேராகப் பின்பக்கம் போவார். தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா, சுவரில் தண்ணீர் வடிய விட்ட குழாய்கள் அடைபட்டிருக்கின்றனவா, மேட்டில் நிற்கும் மரங்கள் அடியில் வளைந்து நிமிர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். பிறகு உள்ளே வந்து கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திப் பார்ப்பார். ஒருமுறை புதுப் பெயின்ட் அடித்த வீட்டில் குசினிக் கதவு மட்டும் சாத்த முடியவில்லை. வீட்டுக்காரர் "மழைக்குப் பலகை ஊதிருச்சு" என்றார். மதிப்பீட்டாளர் சிரித்துக்கொண்டே பாயைத் தூக்கினார். அடியில் தரை ஓரமாக நீண்ட வெடிப்பு, அதில் சிமெண்டு பூசிய தடம் இன்னும் ஈரம் காயவில்லை.

தலவாக்கலை: வீடு பார்க்க எந்த மாசம் நல்லதுங்க ஐயா? தை மாசம் பார்க்கலாம்னு வீட்டுல சொல்றாங்க.

தையில் பால் காய்ச்சுங்கள், பார்ப்பதை முன்னாடி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் தென்மேற்கு மழை. ஜூன், ஜூலையில் போங்கள். பதுளை, வெலிமடைப் பக்கம் பார்ப்பவர்களுக்கு மார்கழி மழை. பிற்பகல் மழை பிடித்து ஒரு மணிநேரம் கழித்துக் குடையோடு போய் நில்லுங்கள். பாதையில் த்ரீவீல் ஏறுகிறதா, மேல் வீட்டுத் தண்ணீர் யார் வாசலில் இறங்குகிறது, கிணறு கலங்குகிறதா. கண்டதை எழுதிக்கொண்டு வந்து, மறுநாள் காய்ந்த தலையோடு விலை பேசுங்கள். நான் பார்த்தவரை அந்த ஒரு மழையில் 3 லட்சம் குறைந்த வீடு உண்டு.