மெயில் வருகிறது, போக மறுக்கிறது

கேள்வி: தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் அலுவலக மெயில் ஒழுங்காக வருகிறது. வீட்டில் பிராட்பேண்ட் மாற்றியதிலிருந்து அனுப்பினால் மட்டும் 'டைம்டு அவுட்' என்று நின்றுவிடுகிறது. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றிவிட்டேன். என்ன செய்வது?

பதில்: பாஸ்வேர்டை விட்டுவிடுங்கள், அதன் மேல் தப்பில்லை. 'டைம்டு அவுட்' என்றால் சர்வரோடு பேச்சே தொடங்கவில்லை. பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வரவே இல்லை. மெயில் வருவது ஐமேப் என்ற முறை வழியாக, பெரும்பாலும் 993 போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல்). அனுப்புவது எஸ்எம்டிபி என்ற முறை, வேறு போர்ட். உங்களுடையது பழைய 25 ஆக இருக்கலாம். வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள் அதன் வழியே ஸ்பேம் கொட்டுவதால், பல இணைய நிறுவனங்கள் 25-ஐ அடைத்து வைத்திருக்கின்றன.

அக்கவுன்ட் செட்டிங்ஸில் இடப்பக்கப் பட்டியலின் அடியில் அவுட்கோயிங் சர்வர் இருக்கும். அதில் எடிட் கொடுத்து போர்ட்டை 587, பாதுகாப்பை ஸ்டார்ட்டிஎல்எஸ் (பேச்சு தொடங்கிய பிறகு பூட்டுப் போடும் முறை) என்று மாற்றுங்கள். 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (தொடக்கத்திலேயே பூட்டு). ஜோடி மாறக்கூடாது. 465-க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் வைத்தால், சர்வர் முதலில் வணக்கம் சொல்லும் என்று தண்டர்பேர்டும், தண்டர்பேர்டு முதலில் பூட்டுப் போடும் என்று சர்வரும் காத்திருக்கும். மறுபடி அதே 'டைம்டு அவுட்'தான்!

பட்டியலில் இரண்டு மூன்று சர்வர்கள் இருந்தால், உங்கள் கணக்குப் பக்கத்தின் அடியில் எது தேர்வாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றைத் திருத்திவிட்டு இன்னொன்றில் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். இதற்கும் மசியவில்லை என்றால், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அனுப்பிப் பாருங்கள். போய்விட்டால் கோளாறு ரூட்டரிலோ பிராட்பேண்டிலோ. போகவில்லையா, ஆன்டிவைரஸில் மெயில் ஸ்கேனைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

கேள்வி: ஜிமெயில் பாஸ்வேர்டு சரிதான். பிரவுசரில் திறக்கிறது; தண்டர்பேர்டு ஏற்கவில்லையே?

பதில்: சாதா பாஸ்வேர்டை இதுபோன்ற மென்பொருள்களிலிருந்து கூகுள் இப்போது ஏற்பதில்லை. மேலே சொன்ன அவுட்கோயிங் சர்வரின் எடிட் பெட்டியில் ஆதென்டிகேஷன் மெத்தடை ஓஆத்2 (கூகுளின் பக்கத்திலேயே லாகின் செய்து அனுமதி தரும் முறை) ஆக்குங்கள். சேவ்டு பாஸ்வேர்ட்ஸில் எஸ்எம்டிபி என்று தொடங்கும் பழைய வரியையும் அழித்துவிடுங்கள். அடுத்த முறை அனுப்பும்போது கூகுளின் லாகின் ஜன்னல் திறக்கும். அது வெள்ளையாகவே நின்றால், தண்டர்பேர்டின் குக்கீஸ் அனுமதியைப் போடுங்கள்.

கேள்வி: ஜிமெயிலில் 25 எம்பி வரை அனுப்பலாம் என்கிறார்கள். என் 20 எம்பி கோப்பு திரும்பி வருவது ஏன்?

பதில்: மெயிலில் கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதிவிடும். உங்கள் 20 எம்பி, 27 எம்பியாகிறது. 18 எம்பியைத் தாண்டினாலே கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள்.