எக்ஸ்-கதிர் படிகத் தரவில் வெளி அடுக்கின் (மிக நுண்ணிய விவரம் தரும் உயர் பிரிதிறன் பகுதி) ஆர்-மெர்ஜ் 80 சதவீதம். ஒரே பிரதிபலிப்பின் அளவீடுகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்லும் எண் அது. அந்த அடுக்கை வெட்டிவிடலாமா?

அந்த ஒரு எண்ணை நம்பி வெட்ட வேண்டாம். ஒரே பிரதிபலிப்பை (படத்தில் புள்ளியாகப் பதியும் கதிர்) கூடுதல் முறை அளந்தால் சராசரி துல்லியமாகும், ஆர்-மெர்ஜோ ஏறும். நல்ல வேலைக்குத் தண்டனை தரும் அளவுகோல் அது! ஆர்-மீஸ் இதைச் சரிக்கட்டுகிறது: 2 முறை அளந்ததை 1.41 ஆலும், 10 முறை அளந்ததை 1.05 ஆலும் பெருக்குகிறது.

எல்லையைத் தீர்மானிக்க, 2012-இல் கார்ப்ளஸும் டீடெரிக்ஸும் முன்வைத்த சிசி-அரை மேல். அளவீடுகளைக் குலுக்கி இரு பாதியாக்கி, இரண்டின் சராசரிச் செறிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதுதான் அது; முழுதும் ஒத்தால் 1. வெளி அடுக்கில் 0.3 வரை பலர் வைத்துக்கொள்கிறார்கள். சந்தேகமா? அதே அணு மாதிரியை 2.2 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறன் வரையும் 2.0 வரையும் தனித்தனியே செம்மையாக்குங்கள். இரண்டின் ஆர்-ஃப்ரீயையும் (செம்மையாக்கலில் சேர்க்காமல் ஒதுக்கிய தரவோடு மாதிரி எவ்வளவு முரண்படுகிறது என்ற அளவு) 2.2 வரையிலான தரவில் மட்டும் ஒப்பிடுங்கள். 2.0 வரை செம்மையாக்கியதில் அது குறைந்தால் கூடுதல் அடுக்கு பயன் தருகிறது.

வெளி அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்து உள் அடுக்கை (குறைந்த பிரிதிறன் பகுதி) கோட்டைவிடுவோர் அதிகம். டிடெக்டரில் நிரம்பி வழிந்த வலுவான புள்ளிகள் விடுபட்டால் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடமே கெடும். ஆகவே முழுமையை (இருக்க வேண்டிய பிரதிபலிப்புகளில் எத்தனை சதவீதம் அளந்தோம் என்பதை) அடுக்குவாரியாகப் பாருங்கள்.

3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் அருகே மட்டும் புள்ளிவிவரம் சறுக்கினால் பனி வளையம், அதாவது மாதிரியில் உருவான பனிக்கட்டியின் தடம். படம் போகப்போக ஆர் ஏறினால் கதிர்வீச்சுச் சேதம். கடைசிப் படங்களை விட்டுவிட்டு மறுபடி ஒன்றிணையுங்கள், முழுமை குறையாதவரை. செறிவின் இரண்டாம் திருப்புமை (செறிவு வர்க்கங்களின் சராசரியை, சராசரிச் செறிவின் வர்க்கத்தால் வகுத்தது) 2.0-க்குப் பதில் 1.5 பக்கம் வந்தால் இரட்டைப் படிகமா (வெவ்வேறு திசையில் அமைந்த பகுதிகள் ஒன்றாய் வளர்ந்த படிகமா) என்று சோதியுங்கள்.