பழைய காருக்கு எந்த ரயர்? – வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் இருப்பது 2009ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா. 2,30,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. ஸ்காபரோவில் இருந்து பிரம்ரனுக்கு இரவு வேலைக்குப் போய், விடியற்காலை நான்கு மணிக்கு 401 நெடுஞ்சாலையில் திரும்புகிறேன். நான்கு ரயர்களும் தேய்ந்துவிட்டன. கார் இன்னும் மூன்று வருடம் ஓடினால் போதும். ‘ஓல்-சீசன் என்றால் எல்லாப் பருவத்துக்கும்தானே, இருப்பதில் மலிவானதைப் போடு’ என்கிறார்கள் வேலையிடத்து நண்பர்கள். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் 195/65ஆர்15 89எஸ் என்று இருக்கிறது. கடைக்காரரோ 91எச் தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: பழைய கார்தானே என்று ரயரில் மிச்சம் பிடிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய கார் என்பதால்தான் நல்ல ரயர் வேண்டும். கனடாவில் 2011 செப்டெம்பர் 1 முதல் தயாராகும் கார்கள் எல்லாவற்றிலும், கார் வழுக்கித் திரும்பும்போது தானாகவே ஒவ்வொரு சில்லாகப் பிறேக் பிடித்து நேராக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முந்திய கார்களில் சிலவற்றில்தான் அது உண்டு. உங்கள் காரில் சாவியைத் திருப்பும்போது, சறுக்கும் கார் போன்ற படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் அந்தக் கருவி பெரும்பாலும் உங்களிடம் இல்லை. விடியற்காலை 401இல் கார் சறுக்கினால் உங்களுக்குத் துணையாக இருப்பவை அந்த நான்கு ரயர்கள்தான்.

அடுத்தது, ‘எல்லாப் பருவத்துக்கும்’ என்ற கதை. அமெரிக்காவில் குட்இயர் நிறுவனம் 1977இல் ‘ரியெம்போ’ என்ற ரயரைக் கொண்டுவந்தபோதுதான் ஓல்-சீசன் என்ற எண்ணமே பரவியது. அதுவரை கோடைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ரொறன்ரோவின் ஜனவரி மாதத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் ஓல்-சீசன் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிரில் போத்தலுக்குள் உறைந்துபோகும் தேங்காய் எண்ணெயைப் போல. இறுகிய ரப்பர் தெருவைப் பற்றாது. பனி கொட்டாமல் தெரு காய்ந்து கிடந்தாலும் இதுதான் நிலை. நவம்பரில் இருந்து மார்ச் கடைசி வரை உங்கள் விடியற்காலைகள் எல்லாம் ஏறத்தாழ அந்த 7 பாகைக்குக் கீழேதான்.

ரயரின் பக்கச் சுவரில் ‘எம்+எஸ்’ என்று இருப்பதைக் காட்டி, ‘இது சேற்றுக்கும் பனிக்குமானது’ என்று விற்பார்கள். நம்பி ஏமாறாதீர்கள். அந்த எழுத்துகள் ரயரின் கோலத்தில் போதிய பள்ளங்கள் இருக்கின்றன என்பதைத்தான் சொல்கின்றன. அதைப் பொறிப்பதற்குப் பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நீங்கள் தேட வேண்டியது, மூன்று சிகரங்கள் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் கொண்ட சின்னம். இறுகிய பனியில் சோதித்துத் தேறிய ரயருக்குத்தான் அதைப் பொறிக்கலாம்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கோடைக்கு ஓல்-சீசன் நான்கும் குளிருக்கு வின்ரர் ரயர் நான்கும், தனி ரிம்மோடு. பிடிமானத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் எட்டு ரயர், நான்கு ரிம், வருடத்தில் இரண்டு முறை மாற்றும் கூலி என்று எண்ணிப் பாருங்கள். மூன்று வருடம் மட்டுமே வைத்திருக்கப்போகும் காருக்கு அந்தச் செலவு திரும்பி வராது. மற்றது, மலைச் சின்னம் பொறித்த, வருடம் முழுவதும் கழற்றாமல் ஓடக்கூடிய ‘ஓல்-வெதர்’ வகை. நோக்கியனின் ரெமடி டபிள்யூஆர் ஜி5, ரோயோவின் செல்சியஸ், குட்இயரின் அஷூரன்ஸ் வெதர்ரெடி, மிஷெலினின் குரொஸ்கிளைமேற் 2 எல்லாம் அந்த வகை. தெருவில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் கறுப்பு ஐஸில் இவை உண்மையான வின்ரர் ரயருக்கு ஈடாகாது. ஆனால் உப்புப் போட்டு வழித்துக்கொண்டே இருக்கும் 401க்கு இது போதும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் போடுவேன். வேலையிடம் வடக்கே சட்பரிப் பக்கம் இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

இந்த மூன்று வருடக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்கள் தூரத்துக்கு வருடம் சுமார் 25,000 கிலோமீற்றர் வரும். புதிய ரயரில் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர். ஒன்ராறியோச் சட்டம் 1.5 மில்லிமீற்றர் வரை ஓட விடுகிறது. ஆனால் 4 மில்லிமீற்றரை நெருங்கிய ரயரோடு பனித் தெருவில் இறங்க வேண்டாம் என்று கனடியப் போக்குவரத்துத் திணைக்களமே சொல்கிறது. அதாவது பனிக்கு உதவுவது ரயரின் முதற்பாதி மட்டும்தான். ஒக்டோபரில் புதிதாகப் போட்டால் மூன்றாவது குளிர்காலம் 50,000 கிலோமீற்றரில் தொடங்கும். 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருந்தால் அப்போதும் 4 மில்லிமீற்றருக்கு மேல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏப்ரலில் போட்டால் ஒரு கோடை முழுவதையும் ரப்பரைத் தேய்ப்பதற்கே கொடுத்துவிடுவீர்கள். ஆகவே பழைய ரயர் சட்ட எல்லைக்கு மேலே இருந்தால் ஒக்டோபர் வரை பொறுங்கள். எல்லையைத் தொட்டுவிட்டால் மட்டும் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

89எஸ், 91எச் விடயத்தில் கடைக்காரர் சொல்வது சரி. 89 என்றால் ஒரு ரயர் 580 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோ. எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்துக்கு, எச் என்பது 210க்கு. சீட்டில் உள்ளதை விடக் கூடலாம், குறையக் கூடாது. 195/65ஆர்15 என்ற அளவை மட்டும் மாற்ற வேண்டாம்.

இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்வார்கள். அந்த உத்தரவாதம் ஓடிய தூரத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் பணம் தரும். அதுவும் ஒழுங்காக மாற்றிப் போட்ட பற்றுச்சீட்டுகளைக் காட்டினால்தான். மூன்று வருடக் காருக்கு அதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஒன்ராறியோவில் 2016 ஜனவரி முதல் வின்ரர் ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். ஓல்-வெதரை வின்ரர் ரயராக ஏற்பதா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. வாங்குவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். 2010 கம்ரி. கோயிலுக்கும் கடைக்கும்தான் ஓடுகிறது, மொத்தம் 70,000 கிலோமீற்றர்கூட வரவில்லை. ரயரில் பள்ளம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் கராஜில் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: ஏமாற்றுகிறார்களா என்பதை நீங்களே பார்த்துவிடலாம், அம்மா. ரயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையைத் தேடுங்கள். வெளிப்பக்கத்தில் கடைசி எண்கள் இல்லாவிட்டால் காரின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கடைசி நான்கு எண்கள்தான் பிறந்த தேதி. 3513 என்றால் 2013ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமை அடையும். வெயிலும் காற்றும் அதை உலர்த்திவிடும். பத்து வருடம் கடந்த ரயரைப் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள் என்று பெரிய நிறுவனங்கள் பலவும் சொல்கின்றன. ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை யாராவது தெரிந்தவர் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்திவிட்டு, முன் ரயரின் அருகில் கைவிளக்கோடு குனியுங்கள். ரிம்மை ஒட்டிய இடத்திலும் பள்ளங்களின் அடியிலும் தலைமயிர் அளவில் வெடிப்புகள் வலை போலத் தெரிகின்றனவா? நகத்தால் அழுத்தினால் ரப்பர் மீளாமல் கட்டையாக நிற்கிறதா? அப்படியானால் கராஜ்காரர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். புதிய ரயரை வாங்கும்போதும் அதே நான்கு எண்களைப் பாருங்கள். இரண்டு வருடம் கிடங்கில் கிடந்ததைத் தந்தால் வேறு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குறைவாக ஓடுகிறீர்கள், பனி கொட்டும் நாளில் வீட்டில் இருக்கவும் உங்களால் முடியும். நடுத்தர விலையில் ஒரு மலைச்சின்ன ரயர் போதும்.

கேள்வி: 2008 ஹொண்டா சிவிக். முன் ரயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, பின் ரயர் அரைவாசி இருக்கிறது. இப்போதைக்கு இரண்டு வாங்கத்தான் வசதி. இழுப்பது முன் சில்லுகள்தானே, புதியதை முன்னால் போடட்டுமா?
– ஒரு வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: பின்னால் போடுங்கள். முன்னால் போட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் மழைத் தண்ணீர் தேங்கிய வளைவில் பின் ரயர் பிடி விட்டால் கார் தன் பின்புறத்தை முன்னால் கொண்டுவரப் பார்க்கும். அதைத் திருத்துவது தேர்ந்த ஓட்டுநருக்கும் கடினம். முன் ரயர் பிடி விட்டால் கார் நேரே போகும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீண்டும் பிடிக்கும். அரைவாசி இருக்கும் பழையதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். புதிய இரண்டும் பின்னால் இருக்கும் இரண்டின் வகையாகவே இருக்கட்டும். முன்னுக்கு ஒரு வகை, பின்னுக்கு வேறு வகை என்று கலந்து ஓட்டாதீர்கள்.

தேய்ந்த ரயரைக் கடையில் விட்டுவிட்டு வருவதற்கு முன் அதை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள் ஓரம் மட்டும் வழுவழுப்பாக இருந்தால் சில்லுகளின் கோணம் தவறியிருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று பள்ளமும் மேடுமாகக் கையில் தட்டுப்பட்டால் ஷொக் அப்சோபர் போய்விட்டது. அந்த வயதுக் காரில் இவற்றில் ஒன்றாவது இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதிய ரயர் போட்டால் ஒரே வருடத்தில் அதுவும் அதே உருவத்துக்கு வந்துவிடும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், மிக மலிவான ரயரைப் போட்டாலும் பரவாயில்லை, கோணத்தைச் சரிபாருங்கள்.

கேள்வி: டிசெம்பர் கடைசியில் மொன்றியலில் கலியாணம். எங்கள் காரில் ஓல்-சீசன்தான். கியூபெக்கில் தண்டம் அடிப்பார்களா?
– ஒரு வாசகி, மிசிசாகா

பதில்: அங்கே டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச்சின்ன ரயர் கட்டாயம். ஆனால் அந்தச் சட்டம் கியூபெக்கில் பதிவான கார்களுக்கு. ஒன்ராறியோ இலக்கத் தகட்டோடு போகும் உங்களுக்குத் தண்டம் இல்லை. என்றாலும் கியூபெக் எல்லையருகே உள்ள கோன்வோலைத் தாண்டியதும் உங்களைச் சுற்றி ஓடும் கார்கள் பெரும்பாலும் வின்ரர் ரயரில் ஓடுகின்றன. அவர்கள் நிற்கும் தூரத்தில் உங்களால் நிற்க முடியாது. குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் ரயிலில் போங்கள், அல்லது வின்ரர் ரயர் உள்ள உறவினர் காரில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: போன மாதம் நான்கு ரயரும் புதிதாகப் போட்டேன். இரண்டு சில்லில் வாரா வாரம் காற்று இறங்குகிறது. கடையில் ‘ரயரில் ஓட்டை இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள்.
– ஒரு வாசகர், பிக்கரிங்

பதில்: ரயரில் ஓட்டை இல்லாமல் இருக்கலாம், ரிம்மைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வருடக்கணக்காக உப்புத் தெருவில் ஓடிய அலுமினிய ரிம்மில், ரயர் உட்காரும் உள்விளிம்பு வெள்ளைப் பொடியாகப் பூத்து மேடு தட்டியிருக்கும். அந்தக் கரட்டு விளிம்பில் எந்தப் புதிய ரயரும் ஒட்டி உட்காராது. இடைவெளியால் காற்றுக் கசியும். ரயரைக் கழற்றி, அந்த விளிம்பைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும் வரை தேய்த்து, அடைக்கும் பசை பூசி, பிறகு ஏற்ற வேண்டும். காற்றடைக்கும் ரப்பர் வால்வையும் அதே நேரத்தில் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். நல்ல கடைகளில் புதிய ரயர் ஏற்றும்போதே இதைச் செய்துவிடுவார்கள், கேட்க வேண்டியிருக்காது.

அது முடியும் வரை வாரம் ஒருமுறை, கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், காற்றைப் பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவோரச் சீட்டில் இருக்கும். ரயரின் பக்கச் சுவரில் இருப்பது அது தாங்கக்கூடிய ஆகக்கூடிய அழுத்தம், அந்த அளவுக்கு அடைக்கக் கூடாது. குளிர் 5 அல்லது 6 பாகை இறங்கும்போது அழுத்தமும் ஒரு பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கும். ஆகவே ஒக்டோபரில் சரியாக இருந்த ரயர் ஜனவரியில், எந்தக் கசிவும் இல்லாமலே, நான்கைந்து பிஎஸ்ஐ குறைந்து நிற்கும். உங்கள் இரண்டு சில்லும் மற்ற இரண்டை விட வேகமாக இறங்குகின்றனவா என்று எழுதி வைத்து, அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். சில்லைக் கழற்றி மாட்டிய பிறகு 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை முறுக்குமானியால் இன்னொரு முறை இறுக்கித் தரும்படியும் கேளுங்கள்.